கருவாட்டுக்கு ஒரு வெயில் கூடாரம்: நீங்களே கட்டும் முறை

பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. மன்னார் வளைகுடாப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். நடுவில் பாம்பனும் ராமேஸ்வரமும். இந்தக் கரையில் கருவாடு காயும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். மணலில் பழைய வலையையோ பாயையோ விரித்து, மீனைப் பரப்பி, காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். வெயில் நமக்குத் தாராளம். அப்படியும் ஒரு பகுதிக் கருவாடு மணல் ஏறி, ஈ மொய்த்து, புழு வைத்து, கடைசியில் கோழித் தீவனத்துக்கு அடிமாட்டு விலைக்குப் போகிறது. அத்தனை உழைப்பும் அதோடு போகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

இதற்கு ஓர் எளிய வழி 1977லேயே வந்துவிட்டது. வங்கதேசத்தில் மீன் உலர்த்தப் பாலித்தீன் தாளால் ஒரு சின்னக் கூடாரம் கட்டிப் பார்த்து, அந்த விவரத்தை அந்த ஆண்டு வெளியிட்டார்கள். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். அதற்குப் பிறகு விசிறியும் சூடேற்றியும் வைத்த பெரிய சூரிய உலர்த்திகள் வந்துவிட்டன. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அப்படிச் சில வகைகளை உருவாக்கியிருக்கிறது. குழுவாகச் சேர்ந்து தொழில் நடத்துபவர்களுக்கு அவை பொருந்தும். கொல்லையில் 5 கிலோ நெத்திலி காயவைப்பவருக்கு இந்தக் கூடாரமே போதும். நம் கரைக்கு ஏற்ற சில மாற்றங்களோடு அதைக் கட்டும் முறையைச் சொல்கிறேன்.

கட்டும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

பச்சை மீனின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதை வெளியே எடுப்பது வெயில் மட்டுமல்ல, காற்றும்தான். நம் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். 30 டிகிரி வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது அது மீனிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். கூடாரம் செய்யும் வேலை இவ்வளவுதான்.

வெயில் தாள் வழியே உள்ளே புகுந்து, தரையில் விரித்த கறுப்புத் தாளைச் சூடாக்கும். சூடான காற்று மேலே எழும்பி உச்சித் துவாரம் வழியாக வெளியேறும். அந்த இடத்துக்கு அடித் துவாரம் வழியாகப் புதுக் காற்று வரும். இந்தத் துவாரங்கள்தான் கூடாரத்தின் உயிர். பலரும் தாளை இறுக்கி மூடினால் சூடு கூடும், சீக்கிரம் காயும் என்று நினைக்கிறார்கள். துவாரம் இல்லாத கூடாரம் இட்லிப் பானை மாதிரிதான். மீன் வேகுமே தவிர காயாது.

தேவையான பொருட்கள்

இங்கே சொல்லும் கூடாரம் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம்.

- சவுக்குக் கம்பு: சாய்கால்களுக்கு 2 மீட்டரில் 4, முகட்டுக்கும் அடிப்பக்கத்துக்கும் தட்டைத் தாங்கவும் 2.3 மீட்டரில் 5. குறுக்குக் கட்டைக்கு 1 மீட்டரில் 6. மூங்கிலும் சரி. இரும்புக் குழாய் வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்து அந்தத் துரு மீனில் உதிரும்.
- பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் ஒளிபுகும் தாள்: 4 மீட்டருக்கு 2.4 மீட்டரில் ஒரு துண்டு, 1.7 மீட்டர் சதுரத்தில் இரண்டு துண்டு. புற ஊதாக் கதிரைத் தாங்கும் தாளா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பாலித்தீன் நம் வெயிலுக்குச் சில மாதங்களில் நொறுங்கிவிடும்.
- தரைக்கு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் கறுப்புத் தாள்.
- மீன் பரப்பப் புது நைலான் வலை, துவாரங்களுக்குக் கொசுவலை, நைலான் கயிறு.
- வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று.

தாளுக்குத்தான் கொஞ்சம் செலவாகும். மற்றவை பெரும்பாலும் கையில் இருப்பவையே.

படி 1: இடமும் திசையும்

நாள் முழுக்க நிழல் விழாத இடமாகப் பாருங்கள். பனை நிழல் மெல்லியதுதான் என்று விட்டுவிட வேண்டாம், அது காலை நேரத்தை விழுங்கிவிடும். புழுதி மணலைவிடக் கெட்டித் தரை நல்லது.

கூடாரத்தின் நீளவாக்கு தென்மேற்கு, வடகிழக்காக இருக்கட்டும். நமக்குக் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருகிறது. இப்படி வைத்தால் எந்தப் பருவத்திலும் காற்று சாய்ந்த பக்கத்தை மோதித் தள்ளாமல் நீளவாக்கிலேயே கடந்து போகும். காற்று வரும் பக்கம் சில அடி தள்ளி ஓர் ஓலைத் தட்டியை நிறுத்தினால் மணல் பறந்து வருவது குறையும்.

பழைய வடிவத்தில் வெயில் படும் பக்கம் ஒளிபுகும் தாளும், பின்பக்கம் கறுப்புத் தாளும் போடுவார்கள். நாம் இருப்பது ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே போகும், மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒளிபுகும் தாளே போடுங்கள், கறுப்பு தரையில் மட்டும்.

படி 2: கூடு கட்டுதல்

இரண்டு சாய்கால்களை உச்சியில் சேர்த்துக் கட்டினால் ஒரு முக்கோணம். அடியில் 1.5 மீட்டர் விரித்து, ஒவ்வொரு காலையும் 30 செ.மீ. ஆழத்துக்குப் புதையுங்கள். 2 மீட்டர் தள்ளி இதே போல இன்னொன்று. இரண்டு உச்சிகளையும் முகட்டுக் கம்பால் இணையுங்கள்.

தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இரண்டு பக்கமும் உட்புறமாக நீளக் கம்புகளைக் கட்டி, குறுக்கே ஆறு கட்டைகளை வைத்துக் கட்டுங்கள். அந்த உயரத்தில் அகலம் 90 செ.மீ. கிடைக்கும். இதன்மேல் நைலான் வலையைத் தொய்யாமல் இழுத்துக் கட்டினால் அதுதான் தட்டு. மீனின் அடிப்பக்கமும் காற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வலை. பலகையோ தகரமோ போட்டால் அடி வேர்த்து நாறும்.

படி 3: தாளும் துவாரமும்

தரையில் கறுப்புத் தாளை விரித்துவிட்டுப் பெரிய தாளை முகட்டின்மேல் போர்த்துங்கள். இரண்டு ஓரங்களையும் மிச்சமிருக்கும் நீளக் கம்புகளில் சுற்றித் தரையோடு படிய வைத்து, மேலே மணல் மூட்டை ஏற்றுங்கள். தாளில் ஆணி அடிக்க வேண்டாம், அடித்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும்.

இரண்டு முக்கோண முகப்புகளிலும் தாளை இப்படி வெட்டுங்கள்: அடியில் 15 செ.மீ. திறந்திருக்கட்டும், உச்சியில் 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு முக்கோணத் துவாரம். எல்லாத் துவாரங்களுக்கும் கொசுவலை. கூடவே, வேண்டும்போது மூடிக்கொள்ள ஒரு தாள் மடிப்பு. ஒரு முகப்பை மட்டும் கழற்றி மாட்டும்படி கயிற்றால் கட்டினால் அதுவே வாசல். கொசுவலையில் விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் தைத்துவிடுங்கள், ஈக்கு அது போதும்.

படி 4: மீன் இல்லாமல் ஒரு நாள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தட்டின் உயரத்தில் வெப்பக் கருவியைத் தொங்கவிட்டு, அதற்கு மேல் ஒரு அட்டையை நிழலாகக் கட்டுங்கள். நேர் வெயில் பட்டால் கருவி பொய்க் கணக்குக் காட்டும். துவாரங்களை முழுக்கத் திறந்து, பாதி மூடி, முக்கால் மூடி, ஒவ்வொரு நிலையிலும் மத்தியானம் எத்தனை டிகிரி வருகிறது என்று எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான் அடுத்த நாள் கூடாரம் உங்கள் பேச்சைக் கேட்கும்.

படி 5: மீனைத் தயார் செய்தல்

கெட்டுப் போகத் தொடங்கிய மீனைக் கருவாடாக்கிக் காப்பாற்றலாம் என்ற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். உப்பு போட்டாலும், காயவைத்தாலும், பிறகு குழம்பில் கொதிக்க வைத்தாலும் அது போகாது. படகிலிருந்து இறங்கியதிலிருந்து கூடாரம் போகும் வரை மீன் ஐஸில் இருக்கட்டும்.

நெத்திலி போன்ற பொடி மீனை நல்ல தண்ணீரில் அலசி, லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த நீரில் 15 நிமிடம் போட்டு வடிகட்டினால் போதும். பெரிய மீனைச் செதில் சுரண்டி, குடலும் செவுளும் நீக்கி, முதுகோடு கீறி விரித்து, 4 கிலோ மீனுக்கு 1 கிலோ கல்லுப்பு என்ற கணக்கில் அடுக்கி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிளாஸ்டிக் அல்லது சிமெண்டுத் தொட்டி சரி, அலுமினியம் வேண்டாம். பிறகு சட்டென்று ஒரு முறை கழுவி நீரை வடியவிடுங்கள்.

மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது, ஒரு முறை மீன் ஊறிய உப்பைத் திரும்பப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. கருவாட்டில் வரும் சிவப்புப் படலம் உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களால் வருவது. பழைய உப்பு அதை அடுத்த மீனுக்கும் கொண்டு போகும்.

கூடாரம் இருக்கிறது என்று எதை வேண்டுமானாலும் காயவைக்க முடியாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. வலையில் வந்தால் உயிரோடு கடலில் விட்டுவிடுங்கள்.

படி 6: காயவைத்தல்

காலை 8 மணிக்குள் மீனைத் தட்டில் பரப்பிவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்கு. இந்தத் தட்டுக்கு 5 முதல் 6 கிலோ வரை சரியாக இருக்கும்.

முதல் அரை நாள் எல்லாத் துவாரங்களும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்திலேயே அதிகச் சூடு கொடுத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட கருவாடு பார்க்க மொறமொறப்பாக இருக்கும்; பத்து நாளில் உள்ளிருந்து கெடும். மேல் ஈரம் போன பிறகு அடித் துவாரத்தைப் பாதி மூடி 45 முதல் 50 டிகிரிக்குள் வையுங்கள். இந்தச் சூட்டில் ஈப் புழு தப்பாது. பூச்சிமருந்து தெளிக்கும் கொடுமைக்கு இங்கே வேலையே இல்லை. 50ஐத் தாண்டினால் உடனே துவாரத்தைத் திறங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீனைப் புரட்டிப் போடுங்கள்.

அப்புறம் இரவு. பகல் உழைப்பெல்லாம் வீணாவது பெரும்பாலும் இரவில்தான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். நம் கரையில் இரவுக் காற்று பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் வெயில் இறங்கும் முன்பே மீனை எடுத்து, ஓலைப்பெட்டியில் நெருக்கமாக அடுக்கி, மேலே தாளால் மூடி, சின்னக் கல் ஒன்றை பாரமாக வையுங்கள். இரவில் உள் ஈரம் மெல்ல மேல்தோலுக்கு வரும், மறுநாள் வெயிலில் அது எளிதாகப் போய்விடும்.

படி 7: காய்ந்ததா என்று பார்ப்பது

கண்ணை நம்புவதைவிடத் தராசை நம்புங்கள். பரப்பும்போதே ஒரு கிலோ நெத்திலியைத் தனியாக ஓர் ஓரத்தில் போட்டு அடையாளம் வையுங்கள். அது 300 கிராம் அளவுக்கு இறங்கினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். உப்புக்குக் கொஞ்சம் கூடலாம். கையில் ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். பெரிய மீனில் கட்டைவிரலால் சதை தடித்த இடத்தை அழுத்திப் பாருங்கள், பள்ளம் நிற்கக் கூடாது.

முழுக்க ஆறிய பிறகே உறையில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உறைக்குள் நீர் முத்து முத்தாகக் கட்டும், பூஞ்சை அங்கிருந்துதான் வரும். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, காயவைத்த தேதியை உறையில் ஒட்டுங்கள்.

பருவமும் பராமரிப்பும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு தடைக்காலம். வெயில் உச்சத்தில் இருக்கும்போது மீன் குறைவாக வரும் இந்த நாட்களில் கூடாரத்தில் முண்டு மிளகாய், முருங்கைக் கீரை, வடகம் காயவைக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மணல் படாத வற்றலுக்குச் சந்தையில் மதிப்பும் உண்டு. மிளகாய்க்குத் தனி வலை வையுங்கள், மீன் வாடை எத்தனை கழுவினாலும் போகாது.

வாரம் ஒரு முறை தாளின் மேல் படிந்த உப்பையும் தூசியையும் நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தால் உள்ளே வரும் வெளிச்சம் குறையாது. ஐப்பசி மழை தொடங்கும் முன் தாளைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்திச் சுருட்டி, எலி அண்டாத இடத்தில் வையுங்கள். கம்புகள் அங்கேயே நிற்கலாம். தை பிறந்ததும் கட்டுகளை மட்டும் இறுக்கிக்கொண்டால் போதும்.