துருக்கி, மொராக்கோ, ஜப்பான்: மூன்று நாட்டுத் தேநீர் போடும் விதம்

மூன்றும் ஒரே செடியின் இலைதான். இலை பதப்படும் விதமும், தண்ணீரின் சூடும், ஊறும் நேரமும்தான் ருசியைப் பிரிக்கின்றன.

துருக்கித் தேநீருக்கு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இரட்டைக் கெட்டில் வேண்டும். கீழே தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மேல் கெட்டிலில் ஆறு டீஸ்பூன் கறுப்புத் தேயிலை போட்டு, கொதித்த தண்ணீர் அரை லிட்டர் ஊற்றுங்கள். கீழ்க் கெட்டிலை மறுபடி நிரப்பி, சிறு தீயில் 15 நிமிடம் ஆவியிலேயே ஊறவிட வேண்டும். அவசரத்தில் மேல் கெட்டிலை நேராக அடுப்பில் வைத்தால் டிகாஷன் கொதித்து நாக்கைப் பிடிக்கும் கசப்பு வந்துவிடும். கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு டிகாஷன், மீதி வெந்நீர். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தெளிந்த செந்நிறம்தான் சரியான பதம். அதை அவர்கள் 'முயல் ரத்தம்' என்பார்கள். பால் சேர்ப்பதில்லை.

மொராக்கோவில் உருண்டையாகச் சுருண்ட சீனப் பச்சைத் தேயிலை. அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். முதலில் கொஞ்சம் கொதிநீரில் இலையை அலசிக் கொட்டினால் தூசியும் கடுப்பும் போகும். பிறகு தண்ணீர், தாராளமாகச் சர்க்கரை, ஒரு கைப்பிடி புதினா. புதினா நெடுநேரம் கொதித்தால் கறுத்து மணம் கெடும். நுரை நிற்க உயரத்திலிருந்து ஆற்றுங்கள்.

ஜப்பானின் பச்சைத் தேநீரான செஞ்சாவுக்குக் கொதிநீர் எதிரி. 5 கிராம் இலைக்கு 80 டிகிரியில் 200 மில்லி, ஒரு நிமிடம். வெப்பமானி இல்லையென்றால், கொதிநீரை இரண்டு முறை பாத்திரம் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 10 டிகிரி இறங்கும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள், தேங்கினால் அடுத்த ஊற்று கசக்கும்.