அமெரிக்காவில் அடுத்தவர் காரில் ஏறும் முன்

அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எஸ்எஸ்என் (அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்), வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் முதல் சில வாரங்களில் வரிசையாக முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது, சொந்தக் கார் வாங்கும்வரை அடுத்தவர் காரில் தொற்றிக்கொண்டு போகும் நாட்களைப் பற்றி.

இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். ஊர் ஞாபகத்தில் இடது கதவைத் திறந்துவிடாதீர்கள். ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டை 'ஷாட்கன்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பணப்பெட்டி ஏற்றிப்போன குதிரை வண்டிகளில், வண்டிக்காரர் பக்கத்தில் ஒருவர் துப்பாக்கியோடு காவலுக்கு உட்கார்ந்து போவார். அதை வைத்து வந்த பெயர். பார்க்கிங்கில் யாராவது 'ஷாட்கன்!' என்று கத்தினால் பதற வேண்டாம், முன் சீட் தனக்கு என்கிறார், அவ்வளவுதான். கார் கண்ணில் பட்டதும் யார் முதலில் சொல்கிறாரோ அவருக்கே இடம். அங்கே உட்கார்ந்தால் வழி பார்த்துச் சொல்வதும் உங்கள் வேலை, தூங்கிவிடாதீர்கள்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். பின் சீட்டின் நடு இடம். பல கார்களில் அங்கே தரை மேடாக இருக்கும், கால் வைக்க முடியாது. அதனால் 'ஹம்ப் சீட்' என்பார்கள், அதில் தப்பில்லை. 'பிட்ச் சீட்' என்றும் ஒரு பெயர் காதில் விழும். என் அறை நண்பர்கள் தினமும் அப்படித்தான் சொன்னார்கள். அதுதான் பெயர் என்று நானும் நம்பிவிட்டேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸிலிருந்து ஐந்து பேர் ஒரே காரில் கிளம்பினோம். டீமில் மூத்த பெண்மணி கடைசியாக வந்தார், நடு இடம்தான் மிச்சம். வழிகாட்டுகிற நினைப்பில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். யாரும் பேசவில்லை. மறுநாள் எச்ஆர் அழைத்து, எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த வருடச் சம்பள உயர்வும் போயிற்று.

அந்த 'பிட்ச்' (bitch) பெண்களைத் திட்டும் வசைச்சொல். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதையும் அதே சொல்லை வைத்துச் சொல்வார்கள். அர்த்தம் தெரிந்திருந்தால் என் அக்கா வயதுள்ளவரிடம் அப்படிப் பேசியிருப்பேனா? தெரிந்தவர்கள் ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. 'மிடில் சீட்' என்று மட்டும் சொல்லுங்கள், அறை நண்பர்களிடமும்கூட.

அப்புறம், ஆப்பில் பிடிக்கும் டாக்ஸியில் தனியாகப் போனால் பின்னால் ஏறுங்கள். 12 வயது வரை பிள்ளைகளுக்கும் பின் சீட்தான், எத்தனை முறை 'ஷாட்கன்' என்று கத்தினாலும்.