கண்மாயில் இறங்கியது ஊரா, ஆளாளுக்கா? பிரித்துப் பார்ப்பது எப்படி

தனிமனிதச் செயல், கூட்டுச் செயல் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தால் உடனே நூலகத்துக்கு ஓடாதீர்கள். கோடையில் தண்ணீர் வற்றியதும் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும், முதலில் அங்கே போய்க் கரையில் நில்லுங்கள்.

ஊத்தாக் கூடை, கச்சா, வலை என்று ஆளுக்கொரு மீன்பிடிக் கருவியைப் பிடித்துக்கொண்டு கரை முழுக்க ஜனம் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. வீசியதும் ஒரே பாய்ச்சல்தான், அப்புறம் உங்கள் ஊத்தாவுக்குள் விரால் சிக்கினால் அது உங்களுக்கு.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்கிறார்கள் என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள். மழை வந்ததும் தெருவில் எல்லோரும் குடை விரிப்பது சமூகச் செயலே இல்லை என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொல்லிவிட்டார், ஏனென்றால் அவரவர் பார்ப்பது மழையை, பக்கத்து ஆளை இல்லை.

அடுத்து, விதியை ஒருவர் மீறினால் அல்லது பாதியில் கழன்றுகொண்டால் மற்றவர்களுக்கு ‘ஏன்யா?’ என்று கேட்க உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இருவர் சேர்ந்து நடக்கும் எளிய உதாரணத்தை வைத்துத் தத்துவ அறிஞர் மார்கரெட் கில்பர்ட் காட்டியது இதைத்தான். துண்டு வீசும் முன் ஒருவர் இறங்கினால் கரையே சத்தம் போடும். வீசிய பிறகு ஒருவர் நாலு கெண்டையோடு வீட்டுக்குக் கிளம்பினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆக, காத்திருந்தது கூட்டாக, பிடித்தது ஆளாளுக்கு. ஒரே நிகழ்ச்சிதான், ஆனால் முழுவதுக்கும் ஒரே பெயர் ஒட்டினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

இனி ‘ஏன் காத்திருந்தார்கள்?’ என்பது வேறு கேள்வி, இதை முந்தையதோடு கலக்கவே கூடாது. ஊர் வழக்கம் வெளியிலிருந்து ஆளைக் கட்டுப்படுத்துகிறது என்று 1895-இல் எழுதிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் பக்கம் போகலாம், இல்லை, ஒவ்வொருவரின் எண்ணத்திலிருந்து தொடங்கு என்னும் வெபர் பக்கம் போகலாம். எனக்கு இந்தச் சண்டையைவிட, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஊரார் சேர்ந்து தூர்வாருவது சுவாரசியம். பெரிய கூட்டத்தில் கட்டாயமோ தனி ஆதாயமோ இல்லாவிட்டால் தன் லாபம் பார்ப்பவர் பொதுவேலைக்கு வர மாட்டார் என்று பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இல் வாதிட்டார். சரி, அப்படியும் வருகிறார்களே? அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரோம் 1990-இல் பல நாட்டு நீர்ப்பாசன ஊர்களைக் காட்டிச் சொன்னது: பயன்படுத்துபவர்களே விதி போட்டு, தாங்களே கண்காணித்து, தப்புக்கு முதலில் சின்னதாகவும் பிறகு பெரிதாகவும் தண்டம் விதிக்கிறார்கள். அதனால் நீங்கள் ஊரில் கேட்க வேண்டியது, தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வராவிட்டால் என்ன தண்டம், அதை யார் வசூலிக்கிறார், கடைசியாக யார் கட்டினார் என்பதைத்தான்.

‘ஊரே சேர்ந்து முடிவு பண்ணுச்சு’ என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தது யார், பெண்கள் இருந்தார்களா, எந்தத் தெருக்காரர்களைக் கூப்பிடவே இல்லை என்று கேட்டுவிட்டு, இருந்தவர்கள் முடிவு செய்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.