ஆட்காட்டி கத்துவது உங்களைப் பார்த்துத்தான்

விலங்குகளின் நடத்தையைக் கவனித்துக் குறிப்பெடுக்கப் புதிதாக வருகிறவர்களோடு சில வருடங்களாக வெளியே போய்வருகிறேன். அவர்கள் நோட்டைப் புரட்டினால், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள் அப்படியே இருக்கின்றன. பளிச்சென்ற சட்டை வேண்டாம், சத்தமாகப் பேச வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கத்தலுக்கு முதலிலேயே பெயர் வைப்பது

"பயந்து கத்தியது" என்று எழுதிவிட்டால் அந்த வரியை வைத்து அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை முறை கத்தியது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கேட்ட மற்றவை என்ன செய்தன என்று எழுதுங்கள். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு விதமாகவும் கழுகுக்கு வேறு விதமாகவும் பாம்புக்கு இன்னொரு விதமாகவும் கத்துகின்றன. அந்தச் சத்தங்களைப் பதிவு செய்து, எதிரி யாரும் இல்லாத நேரத்தில் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். முதல் சத்தத்துக்கு மரத்தை நோக்கி ஓடின, இரண்டாவதற்கு மேலே பார்த்தன, மூன்றாவதற்குத் தரையைப் பார்த்தன. 1980இல் வெளியான ஆய்வு இது. மூன்றையும் "பயம்" என்று ஒரே கட்டத்தில் போட்டிருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

நம்மைப் பார்த்துச் செய்வதை அதன் இயல்பு என்று எழுதுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றில்தான்.

நான் முதலில் எடுத்துக்கொண்டது ஓர் ஆட்காட்டிக் குருவியின் கூடு. தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், நடுவில் கல்லோடு கல்லாகப் புள்ளி விழுந்த நான்கு முட்டைகள், அவ்வளவுதான். இருபதடி தள்ளி உட்கார்ந்து, நாள்தோறும் அது போட்ட கூச்சலை எண்ணினேன். தலைக்கு மேல் வட்டமிட்டது, பாய்ந்து வந்தது, ஓயாமல் கத்தியது. இவ்வளவு எச்சரிக்கையான பறவை வேறு இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

மூத்தவர் ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதில் நீ இல்லாத பக்கம் எது?"

ஒரு பக்கம்கூட இல்லை. ஆளைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். அது காட்டிக்கொடுத்த ஆள் நான். மறுநாள் வெகுதூரம் விலகி, புதர் மறைவில் இருநோக்கியோடு படுத்துக்கொண்டேன். பறவை சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்தது. வெயில் ஏறியதும் இணை வந்தது, வயிற்று இறகு நனைந்து ஒட்டியிருந்தது. முதல் பறவை எழுந்து நடந்தது, ஈர வயிற்றோடு இது உட்கார்ந்தது. முட்டை வெந்துவிடாமல் குளிர வைக்கும் வேலை அது. இத்தனை நாளும் அந்த வேலையைச் செய்ய விடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த முட்டைகள் பொரிக்கவில்லை. ஒரு பருவத்துக் குறிப்பும் குப்பைக்குப் போனது.

போன மாதம் இருவர் ஒரு வீடியோவைப் பெருமையோடு காட்டினார்கள். பன்னிரண்டு நிமிடம், அதே பறவை, அதே கூச்சல். பன்னிரண்டு நிமிடமும் முட்டை திறந்து கிடந்திருக்கிறது. காக்கைக்கு அது போதும்.

சரி, என்ன செய்வது? பறவை திரும்பி வந்து உட்காரும் வரை பின்வாங்குங்கள். எந்த இடத்தில் நின்றபோது உட்கார்ந்ததோ, அதுதான் உங்கள் இடம். தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் கால் மணி நேரம் எழுதாதீர்கள். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நீங்கள் கணக்கில் வந்துவிட்டீர்கள், கத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கூடு வரை நடந்து அதே வழியில் திரும்பவும் வேண்டாம், மிதித்த தடம் வேறு யாருக்காவது வழி காட்டும்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. தான்சானியாவின் கோம்பே காட்டில் ஆய்வாளர் ஜேன் குடால் சிம்பன்சிகளை அருகில் பார்ப்பதற்காக வாழைப்பழம் வைத்தார். பழம் வைத்த இடத்தில் சண்டை பெருகியது, பிறகு பழத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. பார்ப்பதற்காக நாம் செய்யும் ஏற்பாடே பார்ப்பதை மாற்றிவிடும்.

கைபேசியில் கூவலைப் போட்டு வரவழைப்பது

வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் கூடவே கூடாது.

கண்ணை இழுப்பதை மட்டும் எழுதுவது

சண்டையும் கூடலும் நோட்டை நிறைக்கும், சும்மா உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம் காணாமல் போகும். ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, குறித்த நேரம் முழுக்க அதை மட்டும் பாருங்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இலேயே இந்த முறைகளையெல்லாம் அலசி எழுதிவிட்டார்.

"இனத்தைக் காக்கக் கத்துகிறது" என்பது

யார் கத்துகிறார்கள், பக்கத்தில் இருப்பது யார் என்று பாருங்கள். அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் பெல்டிங் தரை அணில்களில், அருகில் சொந்தம் உள்ள பெண் அணில்கள்தான் அதிகம் கத்துகின்றன என்று 1977இல் ஆய்வாளர் பால் ஷெர்மன் காட்டினார். எதிரி தரைவழி வரும்போது, கத்திய அணிலுக்கே ஆபத்து கூடுதல்.

துணை மட்டும்தான் கேட்கிறது என்று நினைப்பது

மத்திய அமெரிக்காவின் துங்கரா தவளையில் ஆண் தன் நீண்ட அழைப்போடு "சக்" என்று ஒரு சத்தம் சேர்த்தால் பெண்ணுக்குப் பிடிக்கும். தவளை தின்னும் வௌவாலுக்கும் அந்தச் சத்தம்தான் பிடிக்கும். இரவில் தவளைச் சத்தம் பதிவு செய்யப் போனால், குளத்துக்கு மேலேயும் பாருங்கள்.