சொகுசுக் கப்பலில் இணையம்: எதை வாங்குவது, எப்போது வாங்குவது, எப்படிக் கட்டுவது

சிங்கப்பூர் மரினா பே கப்பல் நிலையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் கப்பலில் போய்வருவது நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. பள்ளி விடுமுறை வந்தால் தாத்தா பாட்டி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை என்று எல்லாரும் சேர்ந்து கிளம்புகிறோம். அறை, சாப்பாடு, துறைமுகச் சுற்றுலா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, இணையத்தை மட்டும் “ஏறினதும் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். பணம் அநியாயமாகப் போவது அங்கேதான்.

முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். கப்பலின் வைஃபை விலை அதிகம்தான். ஆனால் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் அதை வாங்குகிறீர்கள். நீங்கள் கேட்காமலே கைப்பேசி தானாகப் பிடித்துக்கொள்கிறதே ஒரு இணைப்பு, அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: கப்பல் நகர்வதற்கு முன் ஏரோபிளேன் மோட்

கப்பல் கிளம்பிய பிறகு கைப்பேசியின் மேல்விளிம்பைக் கவனியுங்கள். சிங்கப்பூர் சிக்னல் மெல்லக் குறையும். பாத்தாம் பக்கம் இருந்து இந்தோனேசிய நெட்வொர்க் வரும், ஜோகூர்க் கரைப் பக்கம் இருந்து மலேசிய நெட்வொர்க் வரும். கரை இன்னும் தள்ளிப்போனதும் வேறொரு பெயர் தோன்றும்: “செல்லுலார் அட் ஸீ” என்றோ, 901 என்று தொடங்கும் ஓர் எண்ணாகவோ இருக்கும். அது கப்பலுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் கைப்பேசி நெட்வொர்க். கப்பலிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகிறது.

நாம் மலேசியா, தாய்லாந்துக்கு என்று வாங்கும் ரோமிங் பேக் பொதுவாக அந்த நாடுகளின் தரை நெட்வொர்க்குக்குத்தான் செல்லும். பயண இ-சிம்மும் அப்படியே. கப்பல் நெட்வொர்க்குக்குத் தனிக் கட்டணம், அதுவும் பயன்படுத்தப் பயன்படுத்த ஏறிக்கொண்டே போகும் கட்டணம். நீங்கள் எதையும் திறக்க வேண்டாம். படங்கள் தானாக மேலேறுவதும் செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதுமே போதும். வரும் அழைப்பை எடுத்தாலும் காசுதான்.

செய்ய வேண்டியது சுலபம். ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். அப்புறம் வைஃபையை மட்டும் தனியாகத் திறந்துகொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில் வைஃபை வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். கூடவே அமைப்புகளுக்குள் போய் டேட்டா ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள். ஏனென்றால் பாட்டி தெரியாமல் விரலைத் தேய்த்து ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டாலும் அந்த இரண்டாவது பூட்டு காக்கும். பெரியவர்கள், பிள்ளைகள் கைப்பேசிகளையெல்லாம் கப்பல் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே வாங்கி இதைச் செய்துவிடுவது நல்லது.

படி 2: யாருக்கு, எந்த நாளில், எதற்கு

“நாலு பேர், அதனால் நாலு இணைப்பு” என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு தாளை எடுத்துப் பயணத்தை நாள் நாளாக எழுதுங்கள்.

மூன்று இரவு பினாங்குப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பிற்பகலில் கிளம்புகிறது. இரண்டாம் நாள் பினாங்கு. மூன்றாம் நாள் முழுக்கக் கடல். நான்காம் நாள் காலை சிங்கப்பூர். முதல் நாள் கப்பலைச் சுற்றிப் பார்க்கவும் சாப்பிடவுமே நேரம் போய்விடும். பினாங்கில் ஜார்ஜ் டவுன் பக்கம் இறங்கிவிட்டால் உங்கள் மலேசிய ரோமிங் பேக்கே போதும். ஆக, கப்பல் இணையம் உண்மையாகத் தேவைப்படுவது மூன்றாம் நாள்தான். ஒரு நாள் பாஸ் கிடைத்தால் அது போதும். பயணம் முழுவதற்குமான திட்டம்தான் இருக்கிறது என்றால், யார் வாங்குவது என்பதுதான் கேள்வி.

இப்போது ஆட்களைப் பாருங்கள். அலுவலக மின்னஞ்சலைத் தவிர்க்கவே முடியாதவர் ஒருவர் இருப்பார். திருச்சியில் இருக்கும் அம்மாவோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேசாமல் தூங்காதவர் ஒருவர். பிள்ளைகளுக்கு வேண்டியது படம், விளையாட்டு. இவர்களில் முதல் இருவருக்குத்தான் இணையம் வேண்டும். பிள்ளைகளுக்கான படங்களை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கி வைத்துவிடலாம். பினாங்கு, புக்கெட் வரைபடங்களையும் அப்படியே. ஆன்லைன் விளையாட்டு கப்பல் இணையத்தில் சரியாக ஓடும் என்று நம்பிப் பணம் கட்ட நான் சொல்லமாட்டேன்.

குடும்பத்துக்குள் ஒருவரையொருவர் தேட இணையம் தேவையில்லை. அறைக்கு அறை தொலைபேசி இலவசம். பெரும்பாலான கப்பல் நிறுவனங்களின் செயலியும் இணையத் திட்டம் வாங்காமலே கப்பல் வைஃபையில் திறக்கும். நிகழ்ச்சி நேரம், உணவகப் பதிவு எல்லாம் அதில் பார்க்கலாம். செயலிக்குள் அரட்டை வசதி சிலவற்றில் இலவசம், சிலவற்றில் கட்டணம். செயலியைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், கடலில் இறக்க முடியாமல் போகலாம்.

படி 3: திட்டத்தைப் படிப்பது

விளம்பரத்தில் வேகம்தான் பெரிதாக இருக்கும். அதைவிட முக்கியமானவை கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

எத்தனை கருவிகள் என்பதை முதலில் பாருங்கள். ஒரு கருவித் திட்டம் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கருவி என்பதே பெரும்பாலும் பொருள். ஒன்றில் வெளியேறி இன்னொன்றில் நுழைந்துகொள்ளலாம். கணவன் மனைவி இருவரும் நாளுக்கு ஓரிரு முறை செய்தி பார்ப்பவர்கள் என்றால் ஒன்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சில நிறுவனங்கள் இதை அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, எதெல்லாம் வேலை செய்யும்? மலிவான திட்டங்களில் சில, செய்திச் செயலிகளையும் சமூக ஊடகங்களையும் மட்டும் விடும். வீடியோ அழைப்பு, யூடியூப் ஓடாது. வேலைக்காக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வேண்டியவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது சில திட்டங்களில் தடுக்கப்பட்டிருக்கும். அப்புறம் மடிக்கணினியைச் சுமந்து வந்ததற்கே பலனில்லை.

ஒரு நாள் என்றால் எதிலிருந்து எதுவரை என்பதும் உண்டு. நுழைந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிகிறதா? நள்ளிரவோடு முடிவதை இரவு ஒன்பது மணிக்கு வாங்கினால் கிடைப்பது மூன்று மணி நேரம்தான்.

உங்கள் அறைக் கட்டணத்திலேயே இணையம் அடக்கமா என்றும் முன்பதிவுத் தாளைப் பாருங்கள். உயர்வகை அறைகளில் சிலவற்றுக்கு அப்படி உண்டு. அடிக்கடி பயணம் செய்யும் உறுப்பினர்களுக்குச் சலுகையும் இருக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை

பழைய முறையில் கப்பல் இணையம் பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாக வந்தது. நாம் அனுப்பியது அதன் வழியாகப் போய், பதில் அதன் வழியாகவே திரும்பி வர அரை விநாடிக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் “ஹலோ” சொன்னால் எதிர்முனை பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது அதனால்தான். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. ராயல் கரீபியன் 2022ஆம் ஆண்டு தன் கப்பல்களில் அதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது, மற்ற நிறுவனங்களும் அந்தப் பக்கம் வந்தன. வீடியோ அழைப்பு இப்போது தாராளமாகப் பேசக்கூடியதாகிவிட்டது.

ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் அதே இணைப்பைப் பகிர்கிறார்கள். இரவு உணவுக்கு முன் எல்லாரும் படம் ஏற்றும் நேரத்தில் மந்தமாகும், விடியற்காலையில் நன்றாக இருக்கும். நம் பக்கத்து இடிமழை கொட்டும்போதும் செயற்கைக்கோள் சிக்னல் அடிபடும். கப்பலின் சுவர்கள் இரும்பு என்பதால் அறைக்கு உள்மூலையில் இணைப்பு வீக்காக இருக்கும். கதவருகிலோ பொதுக்கூடத்திலோ போய் முயன்று பாருங்கள்.

படி 4: முன்கூட்டியே வாங்குவது, எந்த அட்டையில் கட்டுவது

கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பதிவு எண்ணைக் கொடுத்து நுழைந்தால் இணையத் திட்டங்கள் பட்டியலிட்டிருக்கும். பெரும்பாலும் அந்த விலை கப்பலில் சொல்லும் விலையைவிடக் குறைவு. கிளம்பும் வரை விலை ஏறி இறங்கும். கப்பல் கிளம்பும் முன் ரத்து செய்துவிட்டு, குறைந்த விலையில் மறுபடி வாங்க அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த நிபந்தனை இருந்தால் இன்றே வாங்கிவிட்டு, அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கரையிலேயே வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இணையத்தில் அட்டையைத் தட்டினால் வங்கி ஒப்புதல் கேட்கும். வீட்டில் இருந்தால் வங்கிச் செயலியில் ஓர் அழுத்து, முடிந்தது. நடுக்கடலில் ஏரோபிளேன் மோடில் இருக்கும்போது குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி வந்து சேராது. சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) நுழைவும் இணையம் கேட்கும். இணையம் வாங்குவதற்கே இணையம் தேவைப்படும் நிலை அது. அப்படி மாட்டிக்கொண்டால் கப்பல் கணக்கில் சேர்க்கச் சொல்லி வாங்குங்கள். அதற்கு ஓடிபி வேண்டாம், பயண முடிவில் அறைக் கணக்கோடு வரும்.

எந்த நாணயத்தில் விலை சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் கிளம்பினாலும் பல கப்பல்களில் கணக்கு அமெரிக்க டாலரில்தான். ஒரு பேச்சுக்கு ஒரு கருவிக்கு நாளுக்கு 20 அமெரிக்க டாலர் என்றால், நான்கு நாளுக்கு 80. நான்கு பேருக்கும் தனித்தனியாக என்றால் 320. சாதாரண கடன் அட்டையில் வெளிநாட்டு நாணயக் கட்டணம் சுமார் 3 சதவீதம் இதன்மேல் ஏறும். யூட்ரிப், வைஸ் போன்ற பல நாணய அட்டையில் கட்டினால் அதை மிச்சப்படுத்தலாம். “சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா?” என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி அமெரிக்க டாலரையே தேர்ந்தெடுங்கள். வெள்ளியில் மாற்றித் தருவதற்கு அவர்கள் வைக்கும் விகிதம் நமக்கு நஷ்டம்.

ஆனால் கப்பல் கணக்கோடு இணைக்கும் அட்டையாக அந்தப் பல நாணய அட்டையையோ டெபிட் அட்டையையோ கொடுக்காதீர்கள். கணக்குக்காக ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகலாம். அந்த இடத்துக்குக் கடன் அட்டைதான் சரி.

படி 5: இணைவது, வெளியேறுவது

கப்பலின் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்ததும் நுழைவுப் பக்கம் வரும். அறை எண், பிறந்த தேதி போன்ற விவரம் கேட்கும். முன்பே வாங்கியிருந்தால் அதிலேயே தெரியும். பக்கம் வரவில்லை என்றால் வைஃபையை ஒருமுறை அணைத்துத் திறந்து பாருங்கள், விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஐஃபோனில் “தனிப்பட்ட வைஃபை முகவரி” என்ற வசதி முகவரியை மாற்றிக்கொண்டே இருந்தால், கப்பல் அதைப் புதுக் கருவி என்று எண்ணிவிடக்கூடும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அதை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் தானாக மேலேறுவதையும் செயலிப் புதுப்பிப்பையும் நிறுத்திவிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் வேகம் பேச்சுக்கும் செய்திக்கும் மிஞ்சும். வேலை முடிந்ததும் வெறுமனே திரையை அணைக்காமல், நுழைவுப் பக்கத்துக்குப் போய் முறையாக வெளியேறுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் நுழையும்போது இடம் இல்லை என்று சொல்லும்.

வீட்டில் இருப்பவர்களிடம் கப்பலின் பெயர், அறை எண், “கைப்பேசி கிடைக்காது, இரவு எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்” என்ற தகவல் மூன்றையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வயதான பெற்றோர் ஊரில் இருந்தால் இது அவசியம். அவர்கள் நாலு முறை அடித்து எடுக்காவிட்டால் பதறிப்போவார்கள்.

படி 6: கடைசி இரவு கணக்கு

அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ உங்கள் கணக்கு தெரியும். கடைசி நாள் காலை வரை காத்திருக்க வேண்டாம், முந்தின மாலையே பாருங்கள். முன்பே கட்டிய திட்டம் மறுபடி ஏறியிருக்கிறதா, பிள்ளைகள் யாராவது இன்னொரு பாஸ் வாங்கியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒரு நாள் முழுக்க இணையம் வராமல் இருந்திருந்தால், எந்த நேரம், கப்பலின் எந்த மாடி என்று குறித்துக்கொண்டு விருந்தினர் சேவை மேசைக்கு நேரில் போய்க் கேளுங்கள். அங்கேயே கணக்கில் கழித்துத் தர வழி உண்டு. இறங்கிவிட்ட பிறகு மின்னஞ்சலில் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும். கடைசி நாள் காலையில் அந்த மேசைமுன் வரிசை நீளும், முந்தின இரவு சாப்பாட்டு நேரத்தில் போனால் சீக்கிரம் முடிந்துவிடும்.