மாறுவேடப் போட்டி: முகத்தில் மரம் வரையும் முன்

சென்ற வாரம் ஒரு பள்ளியின் மாறுவேடப் போட்டிக்கு வண்ணம் தீட்டப் போயிருந்தேன். தலைப்பு இயற்கை. மேடைக்குப் பின்னால் ஐந்து மரங்கள், மூன்று மயில்கள், அழுதுகொண்டே ஒரு சூரியகாந்தி. வீட்டிலேயே தீட்டிவந்த முகங்களில் பாதிக்கு மேல் நான் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே கோளாறுகள். தூரிகையைக் கழுவுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாத அம்மா இல்லை.

எண்ணெய் தடவிய முகம்

கழுவ எளிதாக இருக்கும் என்று முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறார்கள். நீரில் குழைக்கும் வண்ணம் அதன்மேல் நிற்காது, திட்டுத் திட்டாக விலகும். எண்ணெய் பிறகு, கலைக்கும்போது.

ஓவிய வண்ணத்தை முகத்தில் பூசுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முதல் கோபம் என்மேல்தான். அக்கா மகனுக்கு ஐந்து வயது, ஆலமரம் வேடம். வீட்டில் பழுப்பு ஆக்ரிலிக் மிச்சமிருந்தது. டப்பாவில் 'நான்-டாக்ஸிக்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து நெற்றியிலிருந்து தாடை வரை பூசினேன். பட்டை போலவே அழகாக வெடித்தது. பரிசும் வாங்கினான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. ஆக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். உலர்ந்துவிட்டால் பிளாஸ்டிக் படலம். சோப்பு, எண்ணெய், வெந்நீர் எதற்கும் மசியவில்லை. நகத்தால் உரித்தேன். வலது புருவத்தின் மேலிருந்த செதிலை இழுத்தபோது ஏழெட்டு முடியும் அதோடு வந்தது. கன்னம் இரண்டு நாள் சிவந்து கிடந்தது. ஒரு மாதம் என்னைக் கண்டாலே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நான்-டாக்ஸிக் என்றால், வரையும் பிள்ளை தவறிக் கொஞ்சம் வாயில் வைத்தாலும் நஞ்சாகாது என்பதுதான். வியர்க்கிற தோலில் மூன்று மணி நேரம் ஒட்டிக்கிடக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. போஸ்டர் கலருக்கும் இதே கதைதான். அது உரியாது, பொடிந்து கண்ணுக்குள் விழும்.

திருச்சூரில் ஓணத்தின்போது புலிவேடமிட்டுப் புலிக்களி ஆடுபவர்கள் எனாமல் பெயின்ட்டே பூசுகிறார்களே என்று ஒரு தந்தை வாதாடினார். பூசுகிறார்கள்தான். அவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். உடல் முடியை மழித்து, மணிக்கணக்கில் நின்று பூசிக்கொண்டு, முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறார்கள். யுகேஜி பிள்ளையின் கன்னத்தில் மண்ணெண்ணெயா?

முகத்துக்கென்றே விற்கும் வில்லை வண்ணத்தை வாங்குங்கள். ஆறு நிறம் போதும். முந்தின நாளே முழங்கை உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள்.

முகம் முழுக்கப் பச்சை

அடித்தால் மரம் வராது, பேய் வரும். மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தால் கண்ணும் மூக்கும் காணாமல் போயிருக்கும். நம் மாநிறத் தோலே பாதி மரப்பட்டை. அதை ஏன் மறைக்க வேண்டும்? தாடையிலிருந்து கன்னம் நோக்கிக் கரும்பழுப்புக் கோடுகள், அவற்றின் ஓரத்தில் மெல்லிய வெளிர் கோடு. பட்டை தயார். இலைகள் நெற்றியில் தொடங்கி முடிக்குள் ஏறட்டும். கரும்பச்சை நம் தோலில் தூரத்துக்குக் கறுப்பாகத்தான் தெரியும், மஞ்சள் கலந்துகொள்ளுங்கள். கூர்முனைத் தூரிகையைப் பதித்து, அழுத்தி, இழுத்துக்கொண்டே மெல்லத் தூக்கினால் ஒரே வீச்சில் ஒரு வேப்பிலை விழும். காகிதத்தில் ஐம்பது இலை போட்ட பிறகு முகத்துக்கு வாருங்கள்.

ஜிகினாத் தூள்

கைவினைக் கடையில் வாங்கியது கண் பக்கமே வேண்டாம்.

விடியற்காலையிலேயே தீட்டிவிடுவது

போட்டி பதினொரு மணிக்கு என்றால் ஆறு மணிக்கே உட்கார வைக்காதீர்கள். இட்லியும் வியர்வையும் மயிலின் அலகை விட்டுவைக்காது.