லைசென்ஸ் வாங்கியபின் முதல் ஆறு மாதம்: செட்டிநாட்டுச் சாலைகளில் பழகும் முறை

எட்டுப் போடும் தேர்வு, காலை ஊன்றாமல் இருசக்கர வண்டியை மெதுவாகத் திருப்ப முடிகிறதா என்பதை மட்டுமே காட்டும். கார் தேர்வும் பெரும்பாலும் கிளட்ச், கியர், வண்டியைப் பின்னால் எடுத்தல், மேட்டில் உருளாமல் கிளப்புதல் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அறவே ஓட்டத் தெரியாதவரைச் சாலைக்கு விடாமல் தடுப்பதால் இத்தேர்வு தேவையானதே. ஆனால் தேறியவர் பாதுகாப்பாக ஓட்டுவார் என்பதற்கு அது உறுதியாகாது. புதியவர் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் விபத்துக்கான வாய்ப்பு மிக அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை.

நம் விதிகளின்படி எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமக் காலத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். தேறிவிட்டால், அன்றிரவே நண்பர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்துக்குக் கிளம்பினாலும் தடை ஏதுமில்லை. நியூசிலாந்தில் 1987-லேயே படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்து, புதியவர் இரவு 10 மணி முதல் காலை 5 மணிவரை தனியே ஓட்டுவதையும், விருப்பம்போல் ஆள் ஏற்றுவதையும் கட்டுப்படுத்தினார்கள். அந்தப் படிகளை இங்கே வீட்டுப் பெரியவர்களே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் இரண்டு மாதம் பகலில் மட்டும், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்த் தெருக்களில் ஓட்டுங்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெருக்கள் நேராக ஓடுவதால் ஓட்டுவது எளிது என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகளின் சுவர்கள் முச்சந்திவரை வருவதால், வண்டியின் மூக்கு வெளியே நீளும்வரை குறுக்குத் தெரு கண்ணுக்குத் தெரியாது. தேறிய முதல் வாரத்தில் என் அண்ணன் மகள் அப்படி ஒரு முனையில் ஆரன் அடித்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் திரும்பினாள். சுவருக்கு அப்பாலிருந்து சைக்கிளில் வந்த பெரியவர், பம்பருக்கு ஒரு முழம் முன்னால் காலை ஊன்றி நின்றார்.

"அப்பச்சி ஆரன் அடிக்கச் சொன்னாங்களே, சித்தப்பா" என்றாள்.

"நீ அடிச்சது கேட்டுச்சு ஆத்தா. சுவருக்கு அந்தப் பக்கம் யார் வர்றாங்கன்னு உனக்குத் தெரிஞ்சுச்சா?"

அன்று முதல் அவளைப் பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். முன்னால் காண்பதையும் அதனால் அடுத்து என்ன நேரலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஊருணிப் படியில் பிள்ளைகள், ஒருவன் ஓடி வரலாம்", "நிற்கிற பஸ், முன்பக்கத்திலிருந்து யாராவது கடக்கலாம்". பேச்சு நின்றால் கவனமும் நின்றிருக்கிறது என்று கொள்ளுங்கள். பிரிட்டனில் 2002 முதல், வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே காணும் திறனைக் காணொளி வழியாகச் சோதிக்கிறார்கள். நம் தேர்வுத் திடலில் அதற்கு இடமில்லாததால் இந்தப் பழக்கத்தை வீட்டில்தான் ஏற்படுத்த வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடிச் சாலைக்குப் போகலாம். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும் என்பதால், முன்னால் போகும் வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டியபின் நீங்கள் அங்கே போய்ச்சேர மூன்று நொடியாவது ஆக வேண்டும். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். இருசக்கர வண்டி ஓட்டுபவர் ஆளில்லாத பொட்டலில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பழகட்டும். எட்டுப் போட்டதில் இது வந்திருக்காது.

இரவு ஓட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முன் காவடியோடு நடப்பவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் போகும் நாட்களில், விடியுமுன் புதியவரை அந்தச் சாலையில் விடவே கூடாது. எதிர்வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசும் அந்தச் சில நொடிகளில், ஓரமாக நடப்பவர் முற்றிலும் மறைந்துவிடுவார். அப்போது டிம் செய்து, வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது விளிம்பைப் பார்த்து ஓட்டுங்கள்.

தனியே அனுப்பலாமா என்பதைப் பக்கத்தில் இருப்பவரின் வலது காலே சொல்லிவிடும். பயிற்சிப் பள்ளிக் காரில் அந்தப் பக்கமும் பிரேக் இருக்கும். வீட்டுக் காரில் இருக்காது என்று தெரிந்தும், பயம் வரும்போதெல்லாம் அந்தக் கால் தரையை மிதிக்கும். சந்தை நாள், மழை நாள், இரவு எல்லாம் வந்துபோன ஒரு மாதத்தில் அது ஒருமுறைகூட மிதிக்கவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடலாம்.